லேடீஸ் பெட்டியில் நான் போட்ட டிக்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பெங்களூர் வண்டி ஏறும்போது இன்னும் விடிந்திருக்காது. ஆனால் லேடீஸ் பெட்டியில் மட்டும் நடுப்பகல் சந்தடி இருக்கும். ஒருத்தி ஈரத்தலையைத் துவட்டுவாள். ஒருத்தி கைக்கண்ணாடியில் பார்த்துப் பொட்டு வைப்பாள். இன்னொருத்தி, வீட்டில் சாப்பிட நேரமில்லாத இட்லியை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். பவுடரும் மல்லிகையும் தக்காளிச் சட்னியும் கலந்து ஒரு வாசனை வரும். அது வேறெங்கும் வராது.

அன்று எனக்கு எதிர் சீட்டில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். ஆண்டர்சன்பேட்டைக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். பெங்களூரில் ஒரு துணி கம்பெனியில் டெய்லர்களை மேய்க்கும் சூப்பர்வைசர் வேலை. பக்கத்தில் அவளுடைய நாத்தனார் க்ளோரி. அவளுக்கும் அதே கம்பெனியில் வேலை. என் மடியில் கிளிப் போட்ட கேள்வித்தாள். கேள்விகள் எஸ்தரின் மூன்றரை வயது மகள் ஷைனியைப் பற்றியவை.

"பாப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குதா, எஸ்தர்?"

எஸ்தர் வாயைத் திறந்தாள். அதற்குள் க்ளோரி முந்திக்கொண்டாள்.

"இன்னா மேடம் இப்படி கேக்கறீங்க? கூப்டறதுக்கு முன்னாடியே ஓடி வந்து நிக்கும். சக்கத்தா, சூப்பரா கீது எங்க பாப்பா."

சுற்றியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள், தலையை ஆட்டினாள். நான் "ஆம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

போன வாரம் இந்தப் பகுதியில், நான் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "எங்கள் ஊர்ப் பெண் எவ்வளவு கெட்டிக்காரி" என்று நாலைந்து பேர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வாரம் அந்த டிக்கைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஏன் ரயில்?

என் வேலை குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றியது. இத்தனை மாதத்தில் தவழ வேண்டும், இத்தனை மாதத்தில் விரலை நீட்டிக் காட்ட வேண்டும், இத்தனை வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. எந்தக் குழந்தை எங்கே தடுக்கி நிற்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம். ஆட்டிசம் போன்றவற்றில் முதல் சில வருடங்கள் மிக முக்கியம். அவற்றைத் தவறவிட்டால் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

பெங்களூரில் நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனம், தங்கவயல் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்யலாம் என்று முடிவெடுத்தபோது பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அந்த ஊர்க்காரி என்பதுதான் காரணம். சாம்பியன் ரீஃப்ஸில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் வைண்டிங் இஞ்சின் ஓட்டியவர். ஆட்கள் ஏறிய இரும்புக் கூண்டைச் சுரங்கக் குழிக்குள் லெவல் லெவலாக இறக்கி ஏற்றுகிற இயந்திரம் அது.

நான் என்ன படித்தேன் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "சின்னப் பசங்க வெளையாடறத பாத்துகினு ஒக்காந்தா சம்பளம் குடுக்கறாங்களா?" என்று கேட்பார். கொடுக்கிறார்கள் என்பேன். "நல்ல ஷிஃப்ட்டும்மா அது" என்பார். அதற்குமேல் கேட்க மாட்டார்.

சுரங்கம் மூடியபின் ஊர் பாதி ரயில் ஏறிவிட்டது. விடியுமுன் கிளம்பி விளக்கு வைத்தபின் திரும்புகிற வாழ்க்கை. பகலில் லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஒரே சுவரைப் பங்கு போட்டு வரிசையாகக் கட்டிய வீடுகளில், பென்ஷன்காரர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். எங்கள் ஆய்வுத் திட்டத்திலோ "பெற்றோரை வீட்டில் தனியாகச் சந்திக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. எந்தப் பெற்றோர், எந்த வீட்டில்? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைக்கும். அன்று பாதிப் பேருக்கு சர்ச், மீதிப் பேருக்கு ஒரு வாரத் துணி.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. இந்த ஊர்த் தாய்மார்கள் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே போய்க் கேட்டால் என்ன?

வெளியூர்க்காரிக்கு இந்த யோசனை வந்திருக்காது. அவள் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி, இரண்டு வருடம் கஷ்டப்பட்டு முடித்திருப்பாள். நான் இரண்டே மாதத்தில் முடித்தேன். "இயல்பான, பழக்கமான சூழலில் நேர்காணல்" என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் பேராசிரியர், மைசூர்ப் பக்கத்துப் பெண்மணி, கையெழுத்துப் போட்டார். அவர் அந்த லேடீஸ் பெட்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. நான் கல்லூரிக் காலத்திலிருந்து ஏறியவள். ஆகவே தப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

மாடிப்படி இல்லாத ஊர்

கேள்வித்தாள் வேறு தேசத்தில் தயாரானது. அதைத் தமிழில் நாங்கள் பெயர்த்திருந்தோம். முதல் நாளே சிக்கல் வந்தது.

"கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறதா?" என்று வாசித்தேன். பெட்டி முழுக்கச் சிரிப்பு.

"லைன் வீட்ல மாடி எங்க மேடம் கீது? சயனைடு மேடு ஏறும். பரவால்லியா?"

சயனைடு மேடு என்பது தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான குன்று. குழந்தைகள் ஏறக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லாக் குழந்தைகளும் ஏறும். அதை நான் மாடிப்படியில் சேர்த்தேன்.

அடுத்தது ஆகாய விமானம். விமானத்தைக் கண்டால் விரல் நீட்டிக் காட்டுகிறதா? "பிளேனுக்கு நான் எங்க போவேன்? பேத்தமங்களா ஏரிக்கு இட்டுகினு போனா கொக்கைக் காட்டும்" என்றாள் ஒருத்தி. "எம் பையன் ஆட்டைக் காட்டுவான், கறி வேணும்னு" என்றாள் இன்னொருத்தி. கொக்கையும் ஆட்டையும் விமானமாக ஏற்றுக்கொண்டேன். இதெல்லாம் தப்பில்லை. ஊருக்கேற்றபடி கேள்வியை மாற்றத்தான் வேண்டும். இந்த விஷயத்தில் நான் உண்மையிலேயே கெட்டிக்காரிதான்.

ஆனால் நேர்காணல் ஒரு விளையாட்டாக மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. நான் ஒருத்தியைக் கேட்டால் நாலு பேர் பதில் சொன்னார்கள். தாய் தயங்கினால் பக்கத்து சீட் சொல்லும். யாராவது "ம்ம்..." என்று இழுத்தால், "சொல்லுடி, உம் பொண்ணு பேசாத பேச்சா?" என்று எடுத்துக் கொடுப்பார்கள். "தாய்மார்கள் மிக எளிதாக ஒத்துழைத்தார்கள்" என்று குறித்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டியில் ஒருத்தி தன் குழந்தையைப் பற்றி ஒரு குறை சொன்னால், பங்காரப்பேட்டை வருவதற்குள் அது கடைசி சீட்டுக்குப் போய்விடும். சாயங்கால வண்டியில் ஊருக்குத் திரும்பிவிடும். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலிலும் அடுத்த செவ்வாய் அம்மன் கோயிலிலும் அதுதான் பேச்சாக இருக்கும். இது எனக்குத் தெரியாதா? நான் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டதே அந்த வண்டி வழியாகத்தான் அப்பா காதுக்குப் போனது. தெரிந்திருந்தும், கையில் பேனாவை எடுத்தவுடன் மறந்துவிட்டேன். படிப்பு சில சமயம் அப்படிச் செய்யும்.

பத்துக் கைகள்

முடிவு வந்தது. வளர்ச்சிக் குறைபாட்டின் அறிகுறி உள்ள குழந்தைகள் எங்கள் பட்டியலில் மிகமிகக் குறைவு. மற்ற ஊர்களில் வரும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்படி ஒரு முடிவு வந்தால், எங்கே தவறினோம் என்று தேடுவதுதான் ஆராய்ச்சியாளரின் வேலை. நான் அதைச் செய்யவில்லை. பெருமைப்பட்டேன். சுரங்கம் போய், வேலை போய், யாரைப் பார்த்தாலும் "ஐயோ பாவம்" என்கிற எங்கள் ஊருக்கு ஒரு நல்ல சேதி கிடைத்துவிட்டது என்று தலைகால் புரியவில்லை.

அதற்கு ஒரு விளக்கமும் செய்தேன். லைன் வீடுகளில் ஒரு குழந்தையைப் பத்துக் கைகள் தூக்குகின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷை தொட்டிலிலேயே காதில் விழுகிறது. ஆகவே குழந்தைகள் நன்றாக வளர்கின்றன. வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் இதைச் சொன்னேன். கைதட்டினார்கள். டீ வேளையில் ஒரு பெரியவர் வந்து, "உங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுரையும் அச்சாயிற்று.

அடுத்த கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இந்த முறை படத்தோடு பேசலாம் என்று தோன்றியது. பத்துக் கைகளை போட்டோ எடுப்பதற்காக ஊருக்குப் போனேன்.

ஒரு போட்டோ

ஆண்டர்சன்பேட்டையில் விமலாக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. ரயிலேறும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் அவர்தான் பார்த்துக்கொள்வார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஒரு ஸ்கூல் பஸ் ஓட்டினார், சொந்தக் குழந்தைகள் இல்லை. ஒற்றை அறை வீட்டில் எப்போதும் ஆறேழு குழந்தைகள் இருக்கும். வாசலில் குறுக்கே ஒரு பலகை, யாரும் தெருவுக்கு ஓடிவிடாமல்.

நான் போனபோது குழந்தைகள் சோறு சாப்பிட்டு முடித்திருந்தார்கள். காமிராவைத் தூக்கியதும் எல்லாம் ஓடிவந்து வரிசையாக நின்றன. ஒருத்தி மட்டும் வரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சோடா மூடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தரை வயது இருக்கும்.

"அந்தப் பாப்பா பேர் என்னக்கா?"

"ஷைனி. எஸ்தர் பொண்ணு."

"ஷைனி, இங்க பாரு" என்றேன். திரும்பவில்லை. கைதட்டினேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு மூடியை எடுத்து என் கண்ணுக்கு அருகே பிடித்தேன். அவள் என் விரலைப் பிரித்து மூடியை எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கை ஒரு டப்பாவாக இருந்திருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

இதைக் கண்டுபிடிக்க இருபது வருடப் படிப்பு வேண்டாம், இருபது நிமிடம் போதும்.

"எத்தனை நாளா இப்படிக்கா?"

"ரெண்டு வயசுலேர்ந்தே இப்படித்தான். மொதல்ல நாலு வார்த்தை பேசுச்சு. பாலு, மாமா, அப்புறம் டாட்டா. ஒண்ணொண்ணா நின்னுபோச்சு. மிக்சி போட்டா காதைப் பொத்திக்கும். புதுத் தட்டுல போட்டா சாப்டாது. பசிச்சா என் கையைப் புடிச்சு இழுத்துகினு போயி அடுப்பு கிட்ட வுடும்."

சோறு பிசைந்த கையைக் கழுவியபடி அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் கேள்வித்தாளில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. இல்லாததும் இருந்தது.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே. யார்கிட்டயும் சொல்லலையாக்கா?"

"எஸ்தர் கிட்ட சொன்னேன். ஒரு தடவ இல்ல, பல தடவ. அது இன்னா சொல்லிச்சு தெரியுமா? ட்ரெயின்ல பெரிய டாக்டரம்மா வந்து பாப்பாவப் பத்தி எல்லாம் கேட்டு, எல்லாம் சரியா கீதுன்னு எழுதிகினு போயிட்டாங்களாம். அதுக்கு மேல நான் இன்னா சொல்றது? நான் படிக்காதவ."

அவருக்கு நான்தான் அந்த டாக்டரம்மா என்று தெரியாது. சொன்னேன். கை கழுவிய சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றார்.

கேட்கவில்லை. கேள்வித்தாளின் தலைப்பில் "தாய் அல்லது தந்தை" என்று இருந்தது. பத்துக் கைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசிய நான், அந்தக் கைகளில் ஒன்றைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தைகள் ஆசைப்பட்டார்களே என்று போட்டோவை எடுத்தேன். அதை எந்தக் கூட்டத்திலும் காட்டவில்லை.

எஸ்தர் சொன்னது

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து வந்த எஸ்தரை வீட்டு வாசலிலேயே பிடித்தேன். ஷைனியை உடனே முறையாகச் சோதிக்க வேண்டும், பயிற்சி தொடங்க வேண்டும் என்றேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பேசினாள்.

"அன்னிக்கு ட்ரெயின்ல அத்தினி பேர் முன்னாடி கேட்டீங்க மேடம். எம் பொண்ணு திரும்பிப் பாக்காதுன்னு சொல்வேனா? க்ளோரிக்கு அப்பதான் மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க."

"அப்ப சொல்ல முடியல, சரி. அப்புறம் தனியா என்கிட்ட..."

"எதுக்கு சொல்லணும்? நீங்க படிச்சவங்க. நான் பொய் சொன்னாலும் கண்டுபுடிச்சுடுவீங்கன்னு பயந்துகினே இருந்தேன். நீங்க கண்டுபுடிக்கல. எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டு போயிட்டீங்க. அப்ப நான்தான் சும்மா பேஜாராவறேன், பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுகினேன்."

என் தொழிலில் என்னை யாரும் அதற்கு முன்போ பின்போ இவ்வளவு சரியாகத் திட்டியதில்லை. அவள் திட்டுவதாக நினைத்துக்கூடச் சொல்லவில்லை.

"ராத்திரி சோறு ஊட்டி தூங்க வெக்கறேன், அவ்வளவுதான் மேடம். விமலாக்கா வீட்லேர்ந்து தூக்கறப்போ என்னைத் திரும்பிக்கூடப் பாக்காது. யாரோ வந்து தூக்கிகினு போறாங்கன்ற மாதிரி வரும்."

இப்போது க்ளோரிக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. கிறிஸ்துமஸ் கழித்துக் கல்யாணம். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. "அது முடியட்டும், கூட்டிகினு வர்றேன்" என்றாள் எஸ்தர். ஆறு மாதம் தாங்காது, ஏற்கெனவே இரண்டு வருடம் போய்விட்டது என்று மன்றாடினேன். "அந்த ரெண்டு வருஷம் போனப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். வேகமாகச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நீ குழந்தைகளை அளக்கவில்லை. ரயில் பெட்டியை அளந்திருக்கிறாய்." பிறகு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கடிதம் எழுதச் சொன்னார். அதில் தன் கையெழுத்தையும் போட்டார். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி வரவில்லை. அதை எழுதி உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்கப் பார்க்கவில்லை. வந்திருக்கக் கூடாதுதான்.

க்ளோரி செய்த காரியம்

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அரை ஷிஃப்ட் முடிந்து க்ளோரி என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணியைக் கேட்டதுக்கு நான்தான் மேடம் அன்னிக்கு பதில் சொன்னேன். விமலாக்கா எல்லாம் சொன்னாங்க. ரெண்டு வாரமா எனக்கு சோறு எறங்கல."

"உன் கல்யாணத்தை நினைச்சு அண்ணி பயப்படறாங்க."

"அதுக்குதான் வந்தேன். போன ஞாயிறு நானே மாப்பிள்ளை வூட்டுக்கு போயிட்டேன். தனியா. எங்க அண்ணன் பொண்ணு பேசாது, பெங்களூர்ல காட்டப் போறோம், இஷ்டம் இருந்தா கட்டிக்குங்க, இல்லன்னா இப்பவே சொல்லிடுங்கன்னுட்டேன்."

நிச்சயமான பெண் தானாக மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவதே எங்கள் ஊரில் ஒரு வாரத்துக்குப் போதுமான பேச்சு. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மாப்பிள்ளையோட அம்மா உள்ள போயி ஒரு போட்டோ எடுத்துகினு வந்தாங்க. அவங்க தங்கச்சி பொண்ணாம். பதினாலு வயசு. அதுவும் பேசாதாம். இத்தினி நாளா நாங்க அவங்ககிட்ட மறைச்சோம், அவங்க எங்ககிட்ட மறைச்சாங்க. இன்னா கூத்து பாருங்க மேடம்!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். நானும் அழுதேன். ஆராய்ச்சி நிறுவனத்தில் அழுவது நல்ல பழக்கம் இல்லை, ஆனாலும் அழுதேன்.

இரண்டாம் முறை

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷைனிக்கு ஆட்டிசம்தான். இப்போது அவள் பெரிய பெண். ஐம்பது அறுபது வார்த்தைகள் பேசுவாள். வேண்டியதைப் படம் காட்டிக் கேட்பாள். தானே சீவிப் பின்னிக்கொள்வாள். தெரியாத ஊரில் அவளைத் தனியாக விட முடியாது. விடிந்தால் ஒரு அதிசயம் நடக்கிற கதை இல்லை இது. ரயிலில் எடுத்த எல்லா நேர்காணல்களையும் நாங்கள் மறுபடி எடுத்தோம், இந்த முறை பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமும் கேட்டு. ஷைனியைப் போல இன்னும் சில குழந்தைகள் கிடைத்தார்கள். கிடைத்தார்கள் என்பது சரியில்லை. அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

அந்த இரண்டாம் முறையின் முதல் நாளைச் சொல்ல வேண்டும்.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கியிருந்தேன். எஸ்தரும் விமலாக்காவும் வந்தார்கள். க்ளோரி வெளியே நின்று, வேறு யாரும் எட்டிப் பார்க்காமல் காவல் காத்தாள். ஷைனி மூலையில் சாக்பீஸ் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் பேனாவைத் திறப்பதற்குள் எஸ்தர் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். நான் அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா, பாப்பா இன்னிக்கு பேசியிருக்குமா?"

"நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்பது என் துறையில் நேர்மையான பதில். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம். ஆனால் அன்று அது எனக்கு ரொம்ப வசதியான பதிலாகவும் இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் மனசு துடித்தது.

"முழுசா பேசியிருக்கும்னு சொல்ல மாட்டேன் எஸ்தர். இப்ப இருக்கறதைவிட நல்லா இருந்திருக்கும்னுதான் நினைக்கறேன். அந்த ரெண்டு வருஷம் போனது என்னாலதான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்னாலயும்தான்" என்றாள்.

பிறகு நான் தாளைப் புரட்டி, பழக்கதோஷத்தில் எஸ்தரைப் பார்த்தே முதல் கேள்வியைக் கேட்டேன். பகலில் பாப்பா எப்படி விளையாடுகிறது, யாரோடு விளையாடுகிறது?

"என்னைக் கேக்காதீங்க மேடம். மறுபடியும் தப்பா எழுதிடுவீங்க. அக்காவைக் கேளுங்க. எம் பொண்ண எனக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் தெரியும்."

நாற்காலியை விமலாக்கா பக்கம் திருப்பிக்கொண்டேன். எஸ்தர் எழுந்து வெளியே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

விமலாக்கா காலையிலிருந்து தொடங்கினார். தூங்கிக்கொண்டே வரும் பிள்ளை எத்தனை மணிக்குக் கண் விழிக்கும், எந்தப் பாயில் உட்காரும், எந்தக் குழந்தை பக்கத்தில் வந்தால் தள்ளாது. நான் எழுதிக்கொண்டே வந்தேன். மத்தியானத்தைச் சொல்லி முடித்துச் சாயங்காலத்துக்கு வந்தபோது எஸ்தரைப் பார்த்துச் சொன்னார்.

"மாரிக்குப்பத்துக்கு வண்டி வர்றப்போ ஹாரன் அடிப்பான் இல்ல? அது கேட்டா போதும், எந்த வெளையாட்டா இருந்தாலும் வுட்டுட்டு எழுந்துக்கும். வேற எந்த சத்தத்துக்கும் எழுந்துக்காது. வாசல் பலகையப் புடிச்சுகினு ரோட்டையே பாத்துகினு நிக்கும். நீ எறங்கி, பஜார்ல பாலு காய்கறி வாங்கிகினு வர்றதுக்கு நேரமாவுதா, அதுக்கு கால் வலிக்குமோ இன்னாவோ, உள்ள வந்து செவுத்தப் பாத்து ஒக்காந்துக்கும். அப்புறம்தான் நீ வருவ."

எங்கள் தாளில் இதற்கு இரண்டு இடம் உண்டு. ஒரே ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொள்வது என்று ஒரு கட்டம். தாயிடம் ஒட்டுதல் என்று இன்னொரு கட்டம். எதில் எழுதுவது என்று பேனா நின்றது. இரண்டிலும் எழுதினேன்.

நிமிர்ந்தபோது எஸ்தர் சுவரை விட்டு நகர்ந்து, விமலாக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அதை இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.